பந்து, கட்சி, பஞ்சாயத்து: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல "காலேஜ் ஃபுட்பால் பத்தி கேளுங்க, அரசியல் கலந்து கேட்டாலும் பரவால்ல"ன்னு ஒரு வரி போட்டிருந்தோம். வந்ததுல பாதி பந்து, மீதி சண்டை. கெட்ட வார்த்தை எழுதுனவங்க கார்டு ஆபீஸ்ல பத்திரமா இருக்கு. மத்தவங்களுக்கு பதில் கீழ.

அண்ணாச்சி, நீங்க பந்த பத்தி எழுதும்போ நல்லாருக்கு, திடீர்னு அரசியலுக்குள்ள போயிருதிய. விளையாட்ட விளையாட்டா பாக்கக்கூடாதா?
- மார்த்தாண்டம் வாசகர்

பாக்கலாம் மக்கா, பாக்க விட மாட்டேங்கானுவளே. நம்ம ஊரு செவன்ஸ் (டீமுக்கு ஏழு பேரு ஆடுற பந்து) டோர்னமென்ட் ஃபைனல் ஒண்ண நினைச்சு பாரு. ராத்திரி ஏழரைக்கு மேட்ச்னு நோட்டீஸ்ல போட்டிருக்கும், பயலுவ ஏழு மணிக்கே வார்ம்-அப் முடிச்சு வேர்த்து நிப்பானுவ, அப்போதான் வட்டம், ஒன்றியம், மாவட்டம்னு ஒவ்வொருத்தரா கார்ல வந்து எறங்குவாவ, சால்வை, மறுபடியும் சால்வை, பிறகு ரெண்டு டீமையும் வரிசையா நிக்க வச்சு ஒவ்வொரு பயல் கையயும் பிடிச்சு குலுக்கி ஃபோட்டோ, எல்லாம் முடியும்போ பயலுவளுக்கு காலு வெறச்சு போயிருக்கும், முதல் அஞ்சு நிமிஷத்துலயே ஒருத்தன் தொடைய பிடிச்சுட்டு உக்காருவான். இதுல மைக்க பிடிச்சு என்ன பேசுவாவ தெரியுமா? விளையாட்டுல அரசியல் கூடாதுன்னு!

அது மட்டுமா, கிரவுண்டே அரசியல்தான். அது புறம்போக்கா, பஞ்சாயத்து நிலமா, கோயில் நிலமா, கடலரிப்புல பாதி போச்சுன்னா அலைய தடுக்க தூண்டில் வளைவு போட யாரு கையெழுத்து போடணும், லைட்டு கம்பம் எந்த நிதியில வந்துச்சு, கம்பத்துல யாரு பேரு. இதெல்லாம் தீர்ந்த பிறகுதான் கிக்-ஆஃபே.

கிரிக்கெட்லயும் பாத்தோமே, 2018 ஏப்ரல்ல காவிரி போராட்டம் நடக்கும்போ சேப்பாக்கத்துல ஷூ பறந்துச்சு, சென்னை டீமோட மீதி ஹோம் மேட்ச் எல்லாம் புனேக்கு போச்சு. அந்த வருஷம் கப்பையும் அவனுவதான் அடிச்சானுவ, அது வேற விஷயம். அரசியல் உள்ள வருமா வராதான்னு கேக்கதுல அர்த்தமே இல்ல, வந்தாச்சு. வந்ததுக்கு பில்லு யாரு கட்டுகான்னுதான் நான் பாக்கேன். பெரும்பாலும் விளையாடுற பயதான் கட்டுகான்.

என் மச்சான் அமெரிக்காவுல அலபாமாவுல இருக்கான். சனிக்கிழமை ஆனா ஃபோனே எடுக்க மாட்டான், காலேஜ் ஃபுட்பாலாம். அவன் அனுப்புன வீடியோல எல்லாரும் பந்த கையில தூக்கிட்டு ஓடுகானுவ. இது என்ன ஃபுட்பாலு? அங்க கோச்சு ஒருத்தரு அரசியலுக்கு வந்துட்டாராமே?
- தக்கலை வாசகர்

உங்க மச்சான குத்தம் சொல்லாதீங்க, அந்த ஊரே சனிக்கிழமை அப்படித்தான் கிடக்கும். அது நம்ம பந்து இல்ல, முட்டை ஷேப்புல இருக்கும், காலால உதைக்கது அபூர்வம். ஆனா கூட்டத்த பாத்தா வாய பொளந்துருவோம். மிச்சிகன் யுனிவர்சிட்டி ஸ்டேடியத்துல 1,07,601 சீட்டு, உங்க மச்சான் ஊரு அலபாமா யுனிவர்சிட்டி ஸ்டேடியமும் ஒரு லட்சத்துக்கு மேல. இது காலேஜ் பிள்ளையள் விளையாடுற மேட்சுக்கு! நம்ம பக்கம் இன்டர்-காலேஜியட் ஃபைனலுக்கு ரெண்டு டீம் பசங்க, பி.டி. சாரு, பிறகு சைக்கிள்ல டீ விக்கிற அண்ணன், அவ்வளவுதான் கூட்டம்.

நீங்க கேட்ட கோச்சு டாமி டியூபர்வில். ஆபர்ன் யுனிவர்சிட்டிக்கு 1999லேர்ந்து 2008 வர கோச்சு, 2020ல குடியரசுக் கட்சி சார்புல அலபாமா செனட்டரா ஜெயிச்சாரு. அதுக்கு முன்னால ஒரு எலெக்ஷன்லயும் ஜெயிச்சதில்ல, கோச்சுங்கிற பேரே போதுமா இருந்துச்சு. 2023ல கருக்கலைப்புக்காக வெளி மாநிலம் போற ராணுவத்துக்காரங்களுக்கு பயணச் செலவு குடுக்கக்கூடாதுன்னு சொல்லி, நூத்துக்கணக்கான ராணுவ அதிகாரிங்க ப்ரமோஷன மாசக்கணக்குல தடுத்து வச்சாரு. கோச்சா இருந்தவருக்கு டைம்-அவுட் கேக்க சொல்லிக் குடுக்கணுமா!

ஆனா அந்த ஊரு காலேஜ் ஃபுட்பால்ல எனக்கு பிடிச்ச கதை வேற ரெண்டு இருக்கு. 1969ல வயோமிங் யுனிவர்சிட்டி டீம்ல 14 கறுப்பின பிளேயர்ஸ், பிரிகாம் யங் யுனிவர்சிட்டியோட மேட்ச் வருது, அத நடத்துற சர்ச்சு அப்போ கறுப்பினத்தவங்கள குருத்துவத்துல சேக்காது, அதனால கையில கறுப்பு பட்டி கட்டி விளையாடலாமான்னு கோச்சுகிட்ட கேக்க போனானுவ. கேக்கத்தான் போனானுவ, மேட்ச்ல கட்டக்கூட இல்ல. 14 பேரையும் அங்கேயே டீம விட்டு தூக்கிட்டாரு கோச்சு.

2015 நவம்பர்ல மிசூரி யுனிவர்சிட்டி. கேம்பஸ்ல நிறவெறி பிரச்சனை, ஒரு ஸ்டூடன்ட் உண்ணாவிரதம் இருக்கான், யுனிவர்சிட்டி தலைவரு கண்டுக்கல. சனிக்கிழமை ராத்திரி டீம்ல உள்ள கறுப்பின பிளேயர்ஸ் அந்தாளு போற வர விளையாட மாட்டோம்னு அறிவிச்சானுவ, கோச்சும் பயலுவ பக்கம் நின்னாரு. அடுத்த மேட்ச் நடக்கலன்னா யுனிவர்சிட்டி 10 லட்சம் டாலர் அபராதம் கட்டணும். திங்கக்கிழமை தலைவரு ராஜினாமா. அந்த மேட்சும் இதே பிரிகாம் யங் கூடதான்! 46 வருஷத்துல என்ன மாறுச்சுன்னு கேட்டா, நியாயம் என்னவோ ரெண்டு தடவையும் ஒண்ணுதான், ரெண்டாவது தடவ காசு பயலுவ காலடியில இருந்துச்சு, கோச்சும் கூட நின்னாரு.

காசுன்னதும் இன்னொண்ணு. இவ்வளவு கூட்டம், டிவி, கோச்சுக்கு கோடிக்கணக்குல சம்பளம், விளையாடுற பயலுக்கு மட்டும் ஸ்காலர்ஷிப்ப தாண்டி ஒண்ணும் கிடையாதுன்னு ரொம்ப காலம் வச்சிருந்தானுவ. 2021 ஜூலையிலதான் சொந்த பேர வச்சு விளம்பரத்துல சம்பாதிக்கலாம்னு விட்டாங்க, 2025ல கோர்ட்டு ஒரு சமரசத்துக்கு ஒப்புதல் குடுத்த பிறகு யுனிவர்சிட்டியே நேரடியா காசு குடுக்கலாம், முதல் வருஷம் ஒரு யுனிவர்சிட்டிக்கு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வர. நம்ம காலேஜ் பயலுக்கு பஸ் காசும் பரோட்டா காசும் வவுச்சர்ல கையெழுத்து போட்ட பிறகு எத்தன மாசம் கழிச்சு வரும்னு கேட்டு யாரும் கேள்வி அனுப்பலியே, ஏன்?

நான் கேரளா பிளாஸ்டர்ஸ் ஃபேன். மஞ்ச ஜெர்சி போட்டா ஹாஸ்டல்ல சென்னை பயலுவ "தமிழ்த் துரோகி"ங்கானுவ. பதில் சொல்லுங்க.
- களியக்காவிளை, காலேஜ் ஸ்டூடன்ட்

நீ துரோகி இல்ல, துக்கத்துல இருக்கவன். 2014, 2016, 2022ன்னு மூணு ஐ.எஸ்.எல். ஃபைனல் தோத்த டீமுக்கு கத்துகவன யாராவது திட்டுவானா? சென்னையின் எஃப்.சி. டீம் ரெண்டு தடவ கப்பு வச்சிருக்கு, 2015லயும் 2018லயும். அவனுவ கிண்டல் பண்ண அது போதும், எதுக்கு தமிழ இழுக்கானுவ?

நவம்பர் 1 இங்க கன்னியாகுமரி மாவட்டத்துல லீவு, ஏன்னு அந்த பயலுவளுக்கு தெரியுமான்னு கேளு. 1956ல நாம திருவிதாங்கூர்-கொச்சியிலேர்ந்து தமிழ்நாட்டோட (அப்போ மெட்ராஸ் மாநிலம்) சேந்த நாளு. அதுக்கு 1954 ஆகஸ்ட்ல துப்பாக்கிச்சூட்டுல ஆளு செத்திருக்கு. அவ்வளவு குடுத்து சேந்த ஊருக்காரன் தமிழன்தான்னு ஒரு ஜெர்சிய வச்சு நிரூபிக்க வேண்டியதில்ல. கொச்சி பக்கம், ரயிலேறினா மேட்ச் பாத்துட்டு மறுநாள் வகுப்புக்கு வந்துரலாம், சென்னைன்னா ராத்திரி முழுக்க ட்ரெயின்ல கிடக்கணும். காரணம் இதுதான், வேற ஒரு மண்ணும் இல்ல. நம்ம இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் ஜாம்ஷெட்பூருக்கும் கொல்கத்தாவுக்கும் ஆடுனாரு, அதுக்காக அவர பெங்காலின்னா சொன்னோம்?

2012ல இலங்கையிலேர்ந்து வந்த ஃபுட்பால் டீம ஜெயலலிதா அம்மா திருப்பி அனுப்புனாங்க. எங்க வீட்டுல எல்லாரும் கடலுக்கு போறவங்க. அது சரின்னுதான் எனக்கு தோணுது. உங்களுக்கு?
- குளச்சல் வாசகி

தங்கச்சி, உங்களுக்கு கோவம் வரது நியாயம். 2009 முள்ளிவாய்க்கால் முடிஞ்சு மூணு வருஷம்தான் ஆயிருந்துச்சு, ராமேஸ்வரம் பக்கம் மீனவங்க அடி வாங்குனது தினசரி செய்தி, அந்த நேரத்துல எந்த கவர்மென்ட்டா இருந்தாலும் ஏதாச்சும் செய்யத்தான் செய்யும். ஆனா வந்தது யாருன்னு பாருங்க. கொழும்பு ராயல் காலேஜ் பசங்க. காலேஜுன்னு பேரு, நெசத்துல அது ஸ்கூலு. நேரு ஸ்டேடியத்துல கஸ்டம்ஸ் டீமோட ஒரு நட்பு மேட்ச் ஆடுனானுவ, அதுக்கு அனுமதி குடுத்த அதிகாரி சஸ்பென்ட், பசங்கள திருப்பி அனுப்பியாச்சு. மறு வருஷம் ஐபிஎல்ல இலங்கை பிளேயர்ஸ் சென்னையில ஆடக்கூடாதுன்னாங்க. அதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்குன்னு நான் நினைக்கேன், சம்பளம் வாங்குற ஸ்டார் பிளேயர் ஒரு மேட்ச் உக்காந்தா குறைஞ்சு போக மாட்டான், ஷூ வாங்க அப்பாகிட்ட கெஞ்சிட்டு வந்த ஸ்கூல் பய எந்த போர நடத்துனான்?

ராஜபக்சேவுக்கு அந்த நாளு ராத்திரி சோறு எறங்காம போச்சாங்கதுதான் என் கேள்வி. தடை போடுறதே தப்புன்னு நான் சொல்ல வரல, தென்னாப்பிரிக்காவ நிறவெறிக்காக வருஷக்கணக்கா விளையாட்டுலேர்ந்து தள்ளி வச்சது நல்ல காரியம், அங்க உள்ள கறுப்பின மக்களே அதத்தான் கேட்டாங்க. குறி யாருமேல விழுகுன்னு பாக்கணும்.

நம்மளுக்கே நடந்துச்சே. 2022 ஆகஸ்ட்ல ஃபிஃபா இந்தியாவ சஸ்பென்ட் பண்ணுச்சு. பதவிக்காலம் முடிஞ்ச பிறகும் ஃபெடரேஷன் எலெக்ஷன் நடக்கல, கோர்ட்டு ஒரு கமிட்டி போட்டுச்சு, வெளியாளு தலையிடக்கூடாதுன்னு ஃபிஃபா கோவிச்சுகிச்சு. சண்டை போட்ட பெரியவங்க எல்லாரும் டெல்லியில ஏசி ரூம்ல இருந்தாங்க. அடி யாருக்கு? கோகுலம் கேரளா பெண்கள் டீமுக்கு. ஆசிய கிளப் சாம்பியன்ஷிப்புக்கு தாஷ்கண்ட் வர போய் எறங்கியாச்சு, அங்க போன பிறகு தெரியுது விளையாட முடியாதுன்னு, ஒரு மேட்ச் ஆடாம திரும்பி வந்தாவ. தடை பத்து நாள் சொச்சத்துல நீங்கிருச்சு, அக்டோபர்ல இங்கயே அண்டர்-17 பெண்கள் வேர்ல்ட் கப்பும் நடந்துச்சு, எல்லாரும் மறந்தாச்சு. அந்த பிள்ளையளுக்கு போன டோர்னமென்ட் போனதுதான்.

கத்தார் வேர்ல்ட் கப் மேட்ச் பாத்தவன் எல்லாம் தொழிலாளி ரத்தத்துல பங்கு வாங்குனவன்னு ஒரு தோழர் சொல்லுகாரு. நான் அங்கதான் அஞ்சாறு வருஷம் ஸ்கஃபோல்டிங் வேல பாத்தேன். மேட்சும் பாத்தேன். என்ன செய்ய?
- கருங்கல் வாசகர்

அந்த தோழர்கிட்ட நீங்க பேசுங்க, நான் எதுக்கு நடுவுல? வெயிலு, பாஸ்போர்ட்ட வாங்கி வைக்கது, கஃபாலான்னு விசாவ முதலாளி கையிலயே கட்டி வைக்கிற முறை, கம்பெனி மாற முடியாம மாட்டிகிட்டு நிக்கது, இதெல்லாம் உங்களுக்கு உடம்புல எழுதியிருக்கும். ஐரோப்பாக்காரன் அத 2010ல கத்தாருக்கு வேர்ல்ட் கப் குடுத்த பிறகுதான் கண்டுபிடிச்சான், நம்ம மாவட்டத்துல வீட்டுக்கு வீடு அதுக்கு முன்னாலயே தெரியும். அதுக்காக அவன் சொன்னது பொய்யாகாது, அந்த கூச்சல் இல்லன்னா சட்டத்துல செஞ்ச கொஞ்ச திருத்தமும் வந்திருக்காது.

அந்த வேர்ல்ட் கப்ல எனக்கு மறக்காதது ஈரான் பிளேயர்ஸ்தான். இங்கிலாந்துக்கு எதிரா முதல் மேட்ச், தேசிய கீதம் போடுகாங்க, 11 பேரும் வாயே தெறக்கல. ஊர்ல பொண்ணுங்க தெருவுல எறங்கி போராடிட்டு நிக்காங்க, அவங்களுக்காக. ஜெர்மனி டீம் வாய பொத்தி ஃபோட்டோ எடுத்துச்சு, அதுவும் ஒரு எதிர்ப்புதான், ஆனா பொத்திட்டு ஊருக்கு போனா அவனுவள யாரும் பிடிச்சு உள்ள வைக்கப் போறதில்ல. ஈரான்காரனுக்கு அப்படி இல்ல. இனி 2034 சவூதியில. அங்கயும் நம்ம ஆளுவதான் கம்பி கட்டுவானுவ.

பாகிஸ்தான்கூட கை குடுக்காதது சரியா?
- நாகர்கோவில் வாசகர்

2025 ஆசியா கப்ப சொல்லுதிய. பஹல்காம்ல 26 பேர கொன்ன பிறகு மேட்சே ஆட வேண்டாம்னு சொல்லியிருந்தா எனக்கு புரிஞ்சிருக்கும். ஆடலாம், டிவி காசு வாங்கலாம், கை மட்டும் குடுக்கக்கூடாதுங்கது எந்த ஊரு கணக்கு? ஒண்ணு முழுசா விலகு, இல்லன்னா கைய குடு.

ட்ரான்ஸ் பெண்கள் பெண்கள் டீம்ல ஆடலாமா? அமெரிக்காவுல தடை போட்டாச்சே.
- பேர் போட வேண்டாம்னு கேட்ட வாசகி, குழித்துறை

அங்க 2025 பிப்ரவரியில ட்ரம்ப் உத்தரவு போட்டாரு, மறுநாளே காலேஜ் விளையாட்டு அமைப்பு விதிய மாத்திருச்சு. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாலதான் அதே அமைப்போட தலைவரு செனட்ல சொல்லியிருந்தாரு, 5 லட்சத்து 10 ஆயிரம் காலேஜ் பிளேயர்ஸ்ல ட்ரான்ஸ் ஆளுங்க தனக்கு தெரிஞ்சு பத்து பேருகூட இல்லன்னு. இந்த பத்து பேர வச்சு எத்தன மேடைப் பேச்சு!

ஒலிம்பிக் மாதிரி உச்சத்துல, நொடிக்கணக்குல மெடல் மாறுற இடத்துல, ஆம்பள உடம்பா பருவம் வந்தவங்களுக்கு பலம் கூடுதலா இருக்குமாங்கது நியாயமான கேள்வி, அத கேக்கவங்கள எல்லாம் வெறுப்பாளின்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா சோதனைங்கிற பேர்ல என்ன செய்வாங்கன்னு நம்மகிட்டயே உதாரணம் இருக்கு. புதுக்கோட்டை மாவட்டத்து சாந்தி சௌந்தரராஜன், செங்கல் சூளையில வேல பாத்த குடும்பம், 2006 தோஹா ஆசிய விளையாட்டுல 800 மீட்டர் வெள்ளி. பொண்ணா பொறந்து பொண்ணா வளந்தவங்க, ட்ரான்ஸ்கூட இல்ல. பாலினச் சோதனையில தோத்தாங்கன்னு மெடல பிடுங்கி, அத ஊரு முழுக்க டிவியில வேற போட்டு, சாகத் துணியுற அளவுக்கு கொண்டு விட்டாங்க. பிறகு தாண்டி வந்து கோச்சானாங்க, அது அவங்க தைரியம். விதி எழுதுகவன் முதல்ல அந்த மெடலுக்கு பதில் சொல்லட்டும்.

நம்ம மாவட்டத்துல பெண்கள் பந்துக்கு என்ன தடைன்னு கேட்டா நான் வேற சொல்லுவேன். சாயங்காலம் ஆனா கிரவுண்டு முழுக்க பயலுவதான். பிள்ளையளுக்கு காலையில அஞ்சரைக்கு, இருட்டுல. அதுக்கும் வீட்டுல விடணும்.

எங்க கிளப்பு புனிதர் பேர்ல உள்ள சர்ச்சு பங்கு கிளப்பு. இந்த தடவ டோர்னமென்ட்டுக்கு காலேஜ் டீம்ல கூட ஆடுற ரெண்டு பயலுவள கெஸ்ட்டா எறக்குனோம், ஒருத்தன் இந்து, ஒருத்தன் முஸ்லிம். செமி ஃபைனல்ல தோத்ததும் கமிட்டியில பெரியவங்க "வெளி ஆள எறக்குனா இப்படித்தான்"னு பேச, இப்போ சண்டை பெருசாயி பக்கத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு வாட்ஸப் குரூப்பு. கட்சிக்காரங்களும் உள்ள வந்துட்டாங்க.
- கடலோர ஊர்லேர்ந்து ஒரு கிளப் செயலாளர்

ஜெயிச்சிருந்தா அந்த ரெண்டு பயலுவளையும் தோள்ல தூக்கிட்டு குருசடி வர போயிருப்பீங்க, நோட்டு மாலை போட்டிருப்பீங்க, சரிதானே? அந்த பெரியவங்களே முன்னால நின்னுருப்பாவ. அப்போ பிரச்சனை மதம் இல்ல, டிஃபன்ஸ். உங்க லெஃப்ட் பேக் சரியில்ல, அத சொல்ல எல்லாருக்கும் கூச்சம், ஏன்னா அவன் யாரோ கமிட்டி ஆளோட மருமவனா இருப்பான்.

ஆனா கட்சிக்காரன் வந்துட்டான்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அங்கதான் எனக்கு வயித்துல புளி கரைக்குது. 1982ல மண்டைக்காட்டு இந்து-கிறிஸ்தவ கலவரத்துல என்ன நடந்துச்சுன்னு உங்க அப்பா தலைமுறைய கேளுங்க. பக்கத்து பக்கத்து ஊரு ஆளுங்க, ஒரே சந்தையில மீன் வித்தவன் வாங்குனவன், துப்பாக்கிச்சூடு வர போய் நின்னுச்சு. பல வருஷத்துக்கு பிறகும் சில ஊரு பயலுவ சில ஊருக்கு மேட்ச் ஆட போறதுக்கு வீட்டுல விடாத காலம் இருந்துச்சு. கெஸ்ட் பிளேயர்ங்கிற பழக்கம்தான் மெல்ல மெல்ல அத உடைச்சதுன்னு நான் நம்புகேன். நல்ல ஸ்ட்ரைக்கர் வேணும்னா எந்த ஊருக்கும் பைக்க எடுத்துட்டு போவோம், அவன் வீட்டுல சாயா குடிப்போம், அவன் அம்மாகிட்ட "பத்து மணிக்குள்ள கொண்டு விட்டுருதோம்"னு சத்தியம் பண்ணுவோம். எந்த சமாதானக் கமிட்டியும் இந்த வேலைய செய்யல.

அதனால செயலாளரே, கேட்டதுக்கு நேரா சொல்லுகேன். முதல்ல அந்த ரெண்டு வாட்ஸப் குரூப்பையும் மூட சொல்லுங்க, பேச வேண்டியத லைப்ரரி திண்ணையில நேர்ல பேசுங்க. கெஸ்ட் எத்தன பேரு எறக்கலாம், யாரு முடிவெடுக்கணும்னு ஒரு தாள்ல எழுதி பங்குத்தந்தையும் கோச்சும் கையெழுத்து போடட்டும், அதுல மதம்ங்கிற வார்த்தையே வரக்கூடாது. கட்சிக்காரங்க வந்தா சேர் போட்டு உக்கார வையுங்க, மைக்க குடுக்காதீங்க. அந்த ரெண்டு பயலுவளையும் இந்த வாரமே பிராக்டிஸுக்கு கூப்பிடுங்க, கூப்பிடுகது நீங்க இல்ல, உங்க கேப்டன் ஃபோன் பண்ணணும். அப்புறம் அந்த லெஃப்ட் பேக்க பெஞ்சுல உக்கார வைக்க யாராவது தைரியமா சொல்லுங்கய்யா!

கடைசியா ஒண்ணு. எல்லாரையும் திட்டுதிய, உங்க ஓட்டு எந்த கட்சிக்கு?
- ஆரல்வாய்மொழி வாசகர்

அத சொன்னா அடுத்த இதழ்ல பாதி பேரு பந்து கேள்வியே அனுப்ப மாட்டீங்க. ஓட்டு கேட்டு வீட்டுக்கு வரவங்ககிட்ட நான் ஒண்ணுதான் கேப்பேன், கிரவுண்டு ஃப்ளட்லைட்டுக்கு கரன்ட் பில்லு யாரு கட்டுவா? திறப்பு விழாவுக்கு எல்லாரும் வராவ, பில்லு வரும்போ அது கிளப் செயலாளர் பேர்லதான் வருது. இதுவர ஒரு ஆளும் நேரா பதில் சொல்லல, "தலைவர்கிட்ட சொல்லுதோம்"னு நோட்டீஸ கையில தந்துட்டு அடுத்த வீட்டுக்கு போயிருதாவ.